இருபது நிமிடம், ஆறு தொண்டை

நப்பின்னை என் கழுத்தையே பார்த்துக்கொண்டு பேசினாள். முணுப்பு என்கிற கருவி வந்ததிலிருந்து ஊரில் எல்லோருக்கும் இந்தக் கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டது. முன்பு முகத்தைப் பார்த்துப் பேசியவர்கள் இப்போது தொண்டைக்குழியைப் பார்க்கிறார்கள். நான் புடவைத் தலைப்பை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டேன்.

"ஏழாவது பெட்டிய மறுபடி போடப்போறேன் ஆண்ட்டி" என்றாள்.

கையிலிருந்த மை உருளையைக் கீழே வைத்தேன். வைத்த இடம் சரியில்லை, புத்தம்புதுத் தாள் அடுக்கின்மேல் கருப்பாக ஒரு பட்டை விழுந்தது. அறுபத்தாறு வயதில் இப்படி ஒரு தடுமாற்றம். சாந்தோமில் நான் அச்சுப் பட்டறை போட்டு முப்பத்தைந்து வருடமாகிறது, ஒரு நாளும் இப்படித் தாளைப் பாழாக்கியதில்லை.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் நாங்கள் ஆறு பேர் முட்டுக்காட்டுக்கு அப்பால் கடலோரத்தில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து வைத்திருந்தோம். ஓவியம், சிற்பம், அச்சு, ஒலி என்று ஆளுக்கொரு கிறுக்கு. பத்திரிகை நடத்துவதற்குப் பதிலாகப் பெட்டி போட்டோம். அட்டைப்பெட்டிக்குள் கையால் அச்சடித்த படங்கள் சில, ஒரு சிறு புத்தகம், ஒரு கேசட். மொத்தம் நூற்றிருபது பிரதி. அதில் முப்பது விற்றால் கோழி பிரியாணி. நப்பின்னையின் அப்பா மாசிலாமணிதான் தலைவர். தலைவர் என்று யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவரே ஆகிவிட்டார்.

ஏழாவது பெட்டியின் கேசட்டுக்குப் பெயர் 'ஆறு தொண்டை'. ஆறு பேரும் வட்டமாக உட்கார்ந்து, தொண்டையில் மைக்கை ஒட்டிக்கொண்டு, இருபது நிமிடம் பேசாமல் இருந்தோம். அவ்வளவுதான் படைப்பு. மூச்சு, எச்சில் விழுங்குவது, யாருடையதோ வயிறு இரைவது. என் அப்பா அதைக் கேட்டுவிட்டு, "இதுக்கு எதுக்குடி கேசட்டு, நம்ம வீட்டு மாட்டுக்கொட்டாய்க்கு வந்தா ஓசியிலேயே கேக்கலாமே" என்றார்.

"முணுப்புல போட்டுப் பாக்கப்போறியா?" என்று நப்பின்னையைக் கேட்டேன்.

"பின்ன? உலகத்துலயே இவ்ளோ பழைய தொண்டைப் பதிவு எங்கயும் இல்ல ஆண்ட்டி. அதுவும் ஆறு பேரும் ஆறு தனித்தனி தடத்துல. அப்பா கோடம்பாக்கத்துலேருந்து எட்டுத் தட மெஷின வாடகைக்கு எடுத்தாராமே. அந்த மூலநாடா நல்லாவே இருக்கு. பூஞ்சைகூடப் பிடிக்கல."

"அது வெறும் மூச்சும்மா."

"உங்களுக்கு அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரியுமா? நாம மனசுக்குள்ள வார்த்தையா எதையாச்சும் நினைச்சா, தொண்டைத் தசை துளியூண்டு அசையும். சத்தம் வராது. ஆனா தொண்டையில ஒட்டியிருக்கற மைக்குக்கு அது போதும். பேச்சு போன நோயாளிங்களுக்காகத்தான் முதல்ல கண்டுபிடிச்சாங்க. இப்ப பழைய பதிவுலயும் படிக்க முடியுது. வார்த்தை மட்டும்தான் வரும். ஆம்பளை, பொம்பளை, குரல் எதுவும் தெரியாது. எழுத்தா வந்து விழும்."

எனக்கா தெரியாது? முணுப்பு வந்த மூன்று வருடத்தில் நடந்த கூத்தெல்லாம் பார்த்தவள்தானே. ஒரு பாடகர் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் என்ன நினைத்தார் என்பது வெளியே வந்து அவர் மனைவி அப்படியே பிறந்தகம் போனாள். செய்தி வாசிப்பவர்கள் கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு வாசிக்கிறார்கள். தெருவில் பாதிப் பேர் எதையாவது மென்றுகொண்டே போகிறார்கள். மென்றால் படிக்க முடியாதாம்.

"எதுக்குடா செத்தவங்க மனசைப் போய் நோண்டற?" என்றேன்.

நப்பின்னை என் மேசையிலிருந்த சின்ன உளியை எடுத்து விரலில் உருட்டினாள். நாற்பத்தொரு வயதுக்காரி. கலைப் புத்தகங்களும் பழைய ஒலிப்பதிவுகளும் வெளியிடுகிற பதிப்பகம் நடத்துகிறாள், வெளிநாட்டு அருங்காட்சியகங்களோடு சண்டை போடுகிறாள். அந்த நேரத்தில் சின்னப்பிள்ளை மாதிரி இருந்தாள்.

"எனக்கு அப்ப ரெண்டு வயசு. அப்பா குரல்கூட ஞாபகமில்ல. அவர் சாகறதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் அவர் மனசு அந்த நாடாவுல இருக்கு ஆண்ட்டி. அதுல ஒரே ஒரு தடவ என் பேரு வந்தாப் போதும்."

சம்மதப் படிவத்தை நீட்டினாள். உயிரோடிருக்கிற எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும். கனடாவில் இருப்பவர் போட்டுவிட்டார். அவள் அம்மா தமயந்தி முதல் ஆளாகப் போட்டிருந்தாள். நான் மறுத்தால் ஏன் என்பாள். ஏன் என்றால் என்ன சொல்வது? மாதாவே என்று மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

அவள் போனதும் கதவைத் தாழிட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். ஏனென்றால் அந்த இருபது நிமிடமும் என் தொண்டை என்ன சொன்னது என்பது எனக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருந்தது.

முப்பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், 1998இல், அன்று காலை கிணற்றடியில் மை உருளைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். தேசிங்கு என்று ஒரு கட்டுமரக்காரர், எங்களுக்கு மீன் கொடுப்பவர், வேலியோரம் வந்து நின்றார். "எக்கா, இன்னிக்குத் தண்ணி உள்ள இழுக்குது. நாங்களே எறங்கல. உங்காளு மைக்கத் தூக்கினு கடலுக்குப் போறேன்னு நேத்து சொல்லினு இருந்தாரு. வாணாம்னு சொல்லிடு" என்றார். சரி என்றேன்.

மாசிலாமணியின் திட்டம் அது. இருபது நிமிடம் மௌனம் முடிந்து மணி அடித்ததும் அவர் எழுந்து, தண்ணீருக்குள் பதிவு செய்கிற ஒரு மைக்கோடு கடலில் இறங்குவார். பத்து நிமிடம் கடலைப் பதிவு செய்வார். திரும்பி வரும்வரை நாங்கள் யாரும் பேசவோ அசையவோ கூடாது. பேசினால் படைப்பு போயிற்று. முந்தைய பதிவு ஒன்றில் தமயந்தி இருமிவிட்டாள் என்று பெண்டாட்டியென்றும் பார்க்காமல் எல்லோர் எதிரிலும் கத்திவிட்டு, மூன்று மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் உள்ளே போனேன், சொல்லத்தான் போனேன். மேசைமேல் ஏழாவது பெட்டியின் மாதிரி அட்டை கிடந்தது. ஆறு பெட்டிகளுக்கும் அச்சு வேலை முழுக்கச் செய்தவள் நான். என் பெயரையும் இந்தமுறை அட்டையில் போடுவதாகச் சத்தியம் செய்திருந்தார். அட்டையில் அவர் பெயர் மட்டும் இருந்தது. எனக்கு உச்சந்தலை கொதித்தது. அதற்குள் தொண்டையில் மைக்கை ஒட்டிவிட்டார்கள், உட்கார்ந்துவிட்டேன்.

அந்த இருபது நிமிடமும் நான் நினைத்தது இதுதான்: 'தண்ணி இழுக்குதாம். சொல்லமாட்டேன். இறங்கட்டும். ரெண்டு வாய் உப்புத்தண்ணி குடிச்சாத்தான் திமிரு அடங்கும். நான் எதுக்குச் சொல்லணும். போகட்டும்.' திரும்பத் திரும்ப அதையே, ஜெபமாலை உருட்டுகிற மாதிரி.

மணி அடித்தது. அவர் எழுந்து போனார். பத்து நிமிடம் கடந்தும் வரவில்லை. விதி விதிதானே என்று நாங்கள் ஐந்து பேரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். நாற்பது நிமிடம் ஆனபிறகுதான் ஒருவர் எழுந்தார். உடல் மறுநாள் கோவளத்தில் ஒதுங்கியது.

அவர் நினைவாக ஏழாவது பெட்டியை நாங்களே வெளியிட்டோம். பொறுப்பாசிரியர் பிலோமினா என்று அட்டையில் என் பெயர் வந்தது. அதைப் பார்த்த அன்று சாப்பிட்டதெல்லாம் வாந்தியெடுத்தேன்.

பத்து நாள் நப்பின்னையிடமிருந்து தகவல் இல்லை. போன் அடித்தால் உயிர் போய் வந்தது. பூசைக்குப் போனேன், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது சாமியார் சட்டைக் காலரில் ஒரு சின்ன மைக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். பிரசங்கத்துக்கு மாட்டியது, கழற்ற மறந்திருப்பார். இருந்தாலும் பயம்.

பதினோராம் நாள் நண்பகலில் அவள் வந்தாள். கண் வீங்கியிருந்தது. பையிலிருந்து தாள்களை எடுத்து என் மேசையில் போட்டாள்.

"அப்பா தடம் இன்னும் முடியல. அதுல இரைச்சல் ஜாஸ்தி. மத்த அஞ்சும் வந்துடுச்சு. இதப் படிங்க."

படித்தேன். தண்ணி இழுக்குதாம். சொல்லமாட்டேன். இறங்கட்டும். என் சொற்கள் ஒவ்வொன்றும் நேரம் குறித்து வரிசையாக இருந்தன. மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"நப்பி..." என்றேன்.

"எங்கம்மா ஆண்ட்டி. எங்கம்மாவா இப்படி? தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே அனுப்பியிருக்காங்க. இத்தன வருஷமா அந்த ஆளு போட்டோவுக்கு மாலை போட்டுட்டு இருந்தாங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்கம்மாவா?" என்றேன்.

"ரெண்டாம் தடம். இதோ பாருங்க, உங்க படம்தானே?" பெட்டியிலிருந்த பழைய புத்தகத்தைத் திறந்து காட்டினாள். ஆறு நாற்காலி, நடுவில் மைக் வயர்கள், ஒவ்வொரு நாற்காலியருகிலும் ஒரு பெயர். லினோ என்கிற ரப்பர் மாதிரித் தகட்டில் நான் செதுக்கி அச்சடித்த படம். "கதவோரம் அப்பா, ஒண்ணு. அங்கேருந்து கடிகாரம் சுத்தற பக்கமா ரெண்டு, மூணுன்னு போகுதுன்னு கீழேயே எழுதியிருக்கீங்க. ரெண்டாவது நாற்காலி அம்மா. ஆறாவது நீங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. லினோவில் எதைச் செதுக்கினாலும் அச்சில் இடம் வலமாக மாறி விழும். எழுத்து மட்டும் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி வந்துவிடக்கூடாது என்று பெயர்களை ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் செதுக்கினேன். நாற்காலிகளின் இடத்தையும் திருப்பவேண்டும் என்பதை மறந்தேன். முதல்நாள் பட்டறைக்கு வரும் பிள்ளைகள் செய்கிற தப்பு. அழுது வீங்கின கண்ணோடு செதுக்கியது. நூற்றிருபது பிரதியும் அடித்த பிறகு கண்டுபிடித்தேன், இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். படத்தில் நானும் தமயந்தியும் இடம் மாறி உட்கார்ந்திருந்தோம்.

உள்ளே என்ன வந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். சந்தோஷம் வந்தது. தப்பித்தோம் என்று ஒரு நொடி உடம்பெல்லாம் லேசானது. அடுத்த நொடி, இவள் என் கழுத்தைப் பார்க்கிறாளோ என்று தலைப்பை இழுத்து மூடிக்கொண்டேன்.

"உங்க தடத்துல வெறும் எண்ணிக்கை ஆண்ட்டி. ஒண்ணு, ரெண்டுன்னு ஆயிரத்து இருநூறு வரைக்கும். தியானம் மாதிரி. உங்க ஒருத்தர் மனசுதான் சுத்தமா இருந்திருக்கு."

"அம்மாகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். கத்தினேன். அம்மா ஒரு வார்த்த பேசல. இல்லைன்னுகூடச் சொல்லல. பெட்டியக் கட்டிக்கிட்டு பெரம்பூர்ல சித்தி வீட்டுக்குப் போயிட்டாங்க. போகட்டும்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் எதையும் மறைக்கப்போறதில்ல. அம்மா பேரோடயே அச்சடிப்பேன். அடுத்த மாசம் வெளியீடு, அரங்கு சொல்லியாச்சு. அப்பாவுக்கு நான் செய்யக்கூடியது அது ஒண்ணுதான்."

மறுநாள் காலை பெரம்பூர் போனேன். தமயந்தி பால்கனியில் கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தட்டை நகர்த்தி இடம் விட்டாள். அறுபத்தொன்பது வயதாகிறது. முப்பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் என் வீட்டில் சாப்பிட்டவள்.

"வா பிலோ. வருவேன்னு தெரியும்" என்றாள்.

நான் நின்றபடியே பேசத் தொடங்கினேன். "தமயந்தி, அந்தப் படத்துல..."

"தப்பு. தெரியும். நான் ஜன்னல் பக்கத்துலயா உக்காந்திருந்தேன்? முதுகு பூரா செவுத்துச் சுண்ணாம்பு. பெட்டி வந்தன்னிக்கே பாத்தேன்."

"அப்ப அந்தப் பேச்சு யாருதுன்னு..."

"உன்னுது." காயின் நாரை உரித்துக்கொண்டே சொன்னாள். "நீயும் ஒரு காயை எடு. கை சும்மா இருந்தா உனக்கு நடுங்குது."

உட்கார்ந்து காயை எடுத்தேன். உரிக்க முடியவில்லை. "உனக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"தேசிங்கு கருமாதிக்கு வந்திருந்தான். 'ரெண்டு பேருகிட்டயும் சொன்னேனேக்கா, ரெண்டு பேருமா சொல்லாம உட்டீங்க'ன்னு என்கிட்ட அழுதான்."

"ரெண்டு பேரா?"

தமயந்தி தலையை நிமிர்த்தவில்லை. "உன்கிட்ட கெணத்தடியில சொன்னான். அதுக்கு முன்னாடி அடுக்களை ஜன்னல்ல நின்னு என்கிட்ட சொல்லிட்டான். நான் குழந்தைக்குக் கஞ்சி ஆத்திக்கிட்டிருந்தேன். கொட்டகைக்குள்ள வந்தேன், அதுக்குள்ள மைக்க ஒட்டிட்டாங்க. வாயத் தொறந்தா படைப்பு போயிடும். அவர் கத்துவாரு. அந்த மூணு மாசம் எப்படி இருந்தேன்னு எனக்குத்தான் தெரியும். எண்ண ஆரம்பிச்சேன் பிலோ. ஆயிரத்து இருநூறு வந்தா இருபது நிமிஷம் முடியும், முடிஞ்சதும் சொல்லிடலாம்னு. ஆயிரத்து இருநூறு வந்துச்சு. மணி அடிச்சுது. அவர் என்னைத் தாண்டித்தான் போனாரு. வேட்டி என் முழங்கையில உரசுச்சு. வாய் வரல."

கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனார். அவர் போகும்வரை நான் கையிலிருந்த காயை உருட்டிக்கொண்டிருந்தேன்.

"நான் போய் நப்பிகிட்ட சொல்லிடறேன்" என்றேன். "உன்ன அச்சுல போட்டு நாறடிக்கப்போறா."

"வேணாம்."

"உன் பொண்ணு உன்ன வீட்டவிட்டு..."

"வேணாம்னு சொல்றேன்ல!" முதன்முறையாகக் குரல் உயர்ந்தது. தட்டில் இருந்த காய் சிதறியது. "நீ சொன்னா அடுத்து என்ன கேப்பா? அப்ப ஆறாம் தடம் அம்மாவுதா, அம்மா எதுக்கு எண்ணினாங்கன்னு கேப்பா. நான் என்ன சொல்றது? கோவத்துல விட்டுட்டேன்னா என்னிக்காச்சும் ஒரு நாள் மன்னிப்பா. அவளுக்கும் புருஷன் இருக்கான், கோவம்னா என்னன்னு தெரியும். புருஷன் சாகப்போறான்னு தெரிஞ்சு, திட்டு வாங்கப் பயந்துக்கிட்டு, ஒண்ணு ரெண்டு எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தேன்னு சொன்னா? அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்? உன் பேச்சே எனக்கு இருக்கட்டும். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். கெஞ்சுகிறாளா மிரட்டுகிறாளா என்று தெரியவில்லை. சரி என்று தலையாட்டினேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு அது வசதியாக இருந்தது. ஆட்டோவில் திரும்பி வரும்போது, பாதிக்கப்பட்டவளே வேண்டாம் என்கிறாள், நான் யார் உடைக்க என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டே வந்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் உதட்டை அசைத்திருக்கிறேன். பயந்துபோய் வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு சூயிங்கம் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து நப்பின்னை என்னைத் தன் ஒலிப்பதிவு அறைக்குக் கூப்பிட்டாள். காலை பத்து மணி. சுவரெல்லாம் பஞ்சு அட்டை, நம் மூச்சு நமக்கே கேட்கிற அறை. மேசையில் புதுப் பெட்டியின் மாதிரி இருந்தது, பளபளவென்று. மெய்ப்புத் தாளில் 'இரண்டாம் தடம் - தமயந்தி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நான் அதன்மேல் என் கைப்பையை வைத்தேன்.

"அப்பா தடம் வந்துடுச்சு" என்றாள். அழவில்லை. அழுது முடித்தவள் மாதிரி இருந்தாள். "என் பேரு வரல ஆண்ட்டி. ஒரு தடவகூட வரல."

"அவர் வேலை மும்முரத்துல இருந்திருப்பாரும்மா."

"உங்க பேருதான் வருது. பதினாலு தடவ."

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். படிக்கக் கண்ணாடி தேடினேன், கிடைக்கவில்லை. அவளே படித்துக் காட்டினாள், ஒரு பாடப்புத்தகத்தை வாசிப்பது மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"கடல் சரியில்ல. கதவுலேருந்தே தெரியுது. இப்ப நிறுத்தினா எல்லாரும் சிரிப்பானுங்க. மாசிலாமணி பயந்துட்டான்பானுங்க. யாராச்சும் வேணாம்னு சொல்லட்டும். சொன்னா கத்துவேன். கத்திட்டு நிறுத்திடுவேன். தமயந்தி சொல்லமாட்டா, அவளை நான் அப்படி ஆக்கி வெச்சிருக்கேன். பிலோ சொல்லுவா. அவளுக்கு வாய் நிக்காது. அட்டையப் பாத்திருப்பா, கோவமா இருப்பா, அந்தக் கோவத்துலயாச்சும் கத்துவா. பிலோ. கத்து பிலோ. பாத்துக்கிட்டே இருக்காளே. இன்னும் ரெண்டு நிமிஷம். பிலோ. பிலோ."

அவள் நிறுத்தினாள். அவர் அன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம், பார்த்தார். முறைக்கிறார் என்று நினைத்தேன். நானும் முறைத்தேன்.

நப்பின்னை என் தோளைத் தொட்டாள். "நீங்க ஏன் ஆண்ட்டி இப்படி வெளிறிப் போறீங்க? உங்களுக்கு என்ன தெரியும்? நீங்க பாட்டுக்கு எண்ணிக்கிட்டு இருந்தீங்க. தெரிஞ்சிருந்தா கத்தியிருப்பீங்கன்னு எங்கப்பாவுக்கே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்ச ஒருத்தி பக்கத்துல உக்காந்துக்கிட்டு..." பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். அதுதான் தாங்கவில்லை. செத்தவருக்கும் பயந்தேன், அவளுக்கும் பயந்தேன், பெரம்பூரில் என் கையைப் பிடித்தவளுக்கு நான் செய்யப்போகிற துரோகத்துக்கும் பயந்தேன்.

"நப்பி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

அவள் முகம் மாறியது. பதிப்பாளரின் முகம் வந்துவிட்டது. "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம் ஆண்ட்டி! அப்படியே இருங்க. மைக் போட்டுக்கறேன். அப்பா வார்த்தைக்கு நீங்க பதில் சொல்ற மாதிரி, கேசட்டோட மறுபக்கம். எவ்ளோ நல்லாருக்கும்!" எழுந்து அலமாரிப் பக்கம் ஓடினாள். வயரைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. "பேசாதீங்க, நான் சொல்ற வரைக்கும் ஒண்ணும் பேசாதீங்க."

"ரெண்டாம் தடம் என்னுது" என்றேன். அவள் முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன். "தேசிங்கு என்கிட்ட சொன்னாரு. நான்தான் சொல்லாம விட்டேன். அட்டையில என் பேரு இல்லைன்னு விட்டேன். லினோவுல படம் திரும்பி விழுந்துடுச்சு. நீ உங்கம்மான்னு நினைச்ச நாற்காலி என்னுது. இறங்கட்டும்னு நினைச்சது நான்."

மைக் ஓடவில்லை. சிவப்பு விளக்கு எரியவில்லை. அவள் வயரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். திட்டுவாள், அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்திருந்தாள். பழைய படத்தை எடுத்து, விளக்குக்கு நேராகப் பிடித்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். தாள் வழியே நாற்காலிகள் சரியான இடத்தில் தெரிந்தன. நெடுநேரம் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இனி பார்ப்பாளா என்றும் தெரியவில்லை.

"அப்ப ஆறாவது அம்மா" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"அம்மா ஏன் எண்ணிக்கிட்டே இருந்தாங்க?"

தமயந்தி எதற்குப் பயந்தாளோ அந்தக் கேள்வி வந்துவிட்டது. நான் கொடுத்த வாக்கில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதையாவது காப்பாற்றவேண்டும்.

"அத நான் சொல்லக்கூடாது. அவகிட்டதான் கேக்கணும்" என்றேன்.

அவள் போனை எடுத்து எண்ணைத் தேடினாள். தாடை இறுகியிருந்தது, மூக்கு விடைத்திருந்தது. அப்படியே மாசிலாமணியின் முகம். எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"நேர்ல போ நப்பி" என்றேன். "மைக் எடுத்துட்டுப் போகாத. கத்தாம கேளு."